நாட்பட்ட ஹெபடைற்றிஸ் பி நோயாளிகளின் வைரஸில் மரபணு வேறுபாட்டை ஆராய்வது எப்படி? கொழும்பு மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொழும்பில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானமோ மூலக்கூற்று உயிரியலோ படிக்கும் மாணவர்கள் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும்போது, ஈரலைத் தாக்கும் ஹெபடைற்றிஸ் பி வைரஸ் அடிக்கடி கண்ணில் படும். வைரஸ் சிறியது. பிசிஆர் செய்து டிஎன்ஏயைப் பெருக்கலாம், வரிசை எடுத்து அதன் எழுத்துகளை வாசிக்கலாம், வைரஸ்களின் உறவைக் காட்டும் மரம் வரையலாம். சில மாதங்களில் முடித்துவிடலாம் என்று தோன்றும். முடிக்கவும் முடியும். ஆனால் நான் பார்த்துக்கொடுக்கும் வரைவுகளில் திரும்பத் திரும்ப ஒரே குறைதான் வருகிறது. வைரஸின் எழுத்துகள் எல்லாம் இருக்கும். அந்த வைரஸை இத்தனை வருடமாகச் சுமந்தவரைப் பற்றி வயது, பால் தவிர ஒன்றும் இருக்காது. நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எந்த மருந்தை எப்போது குடித்தார் என்று தெரியாமல் "204ஆம் இடத்தில் விகாரம் (மரபணு மாற்றம்) கண்டோம்" என்று எழுதினால் அதை வைத்து வைத்தியரும் ஒன்றும் செய்ய முடியாது, நோயாளிக்கும் ஒன்றும் கிடைக்காது.

அதனால் இந்த வழிகாட்டி நோயாளியில் தொடங்கி நோயாளியிடமே போய் முடிகிறது. ஆய்வுகூட வேலை நடுவில் வருகிறது.

படி 1: இந்த வைரஸ் ஏன் மாறுகிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள்

ஹெபடைற்றிஸ் பி ஒரு டிஎன்ஏ வைரஸ். டிஎன்ஏ வைரஸ்கள் பொதுவாக மெதுவாகத்தான் மாறும். இது விதிவிலக்கு. ஈரல் கலத்தின் கருவுக்குள் போனதும் இதன் டிஎன்ஏ முழுதாக மூடிய ஒரு வளையமாகித் தங்கிவிடும். அந்த வளையத்திலிருந்து முதலில் ஒரு நீண்ட ஆர்என்ஏ எழுதப்படும். பிறகு வைரஸின் சொந்த நொதியம் அந்த ஆர்என்ஏயைப் பார்த்து மறுபடி டிஎன்ஏ எழுதும். எச்ஐவியில் நடப்பது போன்ற தலைகீழ்ப் பிரதியாக்கம் இது. எழுதியதைத் திரும்பப் பார்த்துத் திருத்தும் ஆற்றல் இந்த நொதியத்துக்குக் கிடையாது. நோய் உச்சத்தில் இருக்கும் ஒருவரின் உடலில் ஒரு நாளில் பத்தாயிரம் கோடி அளவில் புது வைரஸ்கள் உருவாகலாம். திருத்தம் பார்க்காமல் அத்தனை பிரதி எழுதினால் பிழை வராமல் இருக்காது. ஆகவே ஒருவரின் இரத்தத்தில் இருப்பதை ஒற்றை வைரஸாக எண்ண வேண்டாம். அது நெருங்கிய உறவுள்ள வைரஸ்களின் ஒரு கூட்டம்.

ஆனால் இஷ்டத்துக்கு மாறவும் இதனால் முடியாது. மொத்த மரபணுத் தொகுதி ஏறத்தாழ 3200 எழுத்துகள்தான். அதற்குள் நான்கு வாசிப்புச் சட்டகங்கள் (புரதமாக வாசிக்கப்படும் பகுதிகள்) ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன: மேற்பரப்புப் புரதம், உட்கருப் புரதம், பொலிமெரேஸ் நொதியம், எக்ஸ் புரதம். மேற்பரப்புப் புரதத்துக்கான பகுதி முழுவதும் பொலிமெரேஸ் பகுதிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஒரே எழுத்து வரியை ஓரிடம் தள்ளி வாசித்தால் வேறு புரதம் வரும். அங்கே ஓர் எழுத்து மாறினால் இரண்டு புரதங்களும் மாறக்கூடும். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், படி 7இல் கட்டாயம் தேவைப்படும்.

படி 2: கேள்வியைச் சுருக்குங்கள்

"மரபணு வேறுபாடு" என்ற சொல்லுக்குள் மூன்று வேறு விடயங்கள் இருக்கின்றன. முதலாவது ஜெனோடைப், அதாவது வைரஸின் குலம். ஏ முதல் ஜே வரை பத்து குலங்கள் சொல்லப்படுகின்றன. கடைசி இரண்டும் இன்னும் தற்காலிகப் பட்டியலில்தான் இருக்கின்றன. இந்தக் குலம் தொற்றும்போதே வந்துவிடும். இரண்டாவது, நோயாளியின் நிர்ப்பீடனத்தின் (நோய் எதிர்ப்புச் சக்தியின்) நெருக்கலால் வருடக்கணக்கில் வைரஸில் சேரும் மாற்றங்கள். மூன்றாவது, மருந்தின் நெருக்கலால் வரும் மாற்றங்கள். இவற்றைக் கலந்து ஒரே அட்டவணையில் போடுவதுதான் மாணவர்கள் செய்யும் முதல் தவறு. ஒன்றை முதன்மைக் கேள்வியாக எடுங்கள். மற்றவை துணைக்கு வரட்டும்.

என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஈ-அன்டிஜன் என்பது வைரஸ் இரத்தத்தில் விடும் ஒரு புரதம்; அது இருந்தால் வைரஸ் நன்றாகப் பெருகுகிறது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். "ஈ-அன்டிஜன் இல்லை, ஆனால் வைரஸ் அளவு அதிகம் என்று இருப்பவர்களில் எந்த மாற்றங்கள் தெரிகின்றன?" என்பது ஒரு மாணவரால் செய்து முடிக்கக்கூடிய கேள்வி. நம் பகுதிக்கு மிகவும் பொருந்துகிற கேள்வியும் அதுதான். ஏன் என்று படி 7இல் வருகிறது.

படி 3: அனுமதி, ஒப்புதல், தமிழ்

கின்சி வீதியில் இருக்கும் மருத்துவ பீடமோ வேறு எந்த நிறுவனமோ, அறநெறி மீளாய்வுக் குழுவின் எழுத்து மூல அனுமதி கைக்கு வரும்வரை ஒரு துளி இரத்தமும் எடுக்க முடியாது. மாதிரியையோ அதிலிருந்து எடுத்த டிஎன்ஏயையோ வெளிநாட்டுக்கு அனுப்பி வரிசை எடுப்பதாக இருந்தால் அதையும் அதே விண்ணப்பத்தில் எழுதுங்கள். பிறகு கேட்கலாம் என்று விட்டவர்கள் பல மாதம் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஒப்புதல் படிவம் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வேண்டும். தமிழ்ப் படிவத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதைப் பெரும்பாலும் கடைசி நாளில் ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் மாற்றுகிறார்கள். "உங்கள் மரபணு வேறுபாடு ஆராயப்படும்" என்று ஒரு படிவத்தில் எழுதியிருந்தது. அதைக் கையில் வாங்கிய கொட்டாஞ்சேனை அம்மா ஒருவர் வாசித்துவிட்டுத் தயங்கியபடி கேட்டார்: "மகள், இது ஜீன்ல இருக்கிற வருத்தம் என்டா என்ட பிள்ளையளுக்கும் பரம்பரையா வருமோ?" படிவம் கொடுத்த மாணவி நல்ல வேளையாக அவசரப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "இல்லையம்மா, நாங்கள் பார்க்கிறது உங்கட ஜீனை இல்லை. உங்கட ரத்தத்தில இருக்கிற கிருமின்ட ஜீனை. இந்த வருத்தம் பரம்பரையா வராது. பிள்ளை பிறக்கேக்க தாயிட்ட இருந்து தொற்றலாம், அதுக்குத் தடுப்பூசி இருக்கு. உங்கட பிள்ளையளைச் சோதிச்சாச்சா?" சோதித்திருக்கவில்லை. அடுத்த கிழமை மூன்று பிள்ளைகளையும் கூட்டி வந்தார்.

ஆகவே படிவத்தில் "வைரஸின் மரபணு, உங்களுடையது அல்ல" என்று ஒரு தனி வரி வையுங்கள். "செங்கமாரி" என்ற சொல்லையும் பயன்படுத்துங்கள். வயதானவர்களுக்கு ஹெபடைற்றிஸ் என்றால் புரியாது. ஆனால் நாட்பட்ட நோயாளிகள் பலருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை, உடம்பில் எந்தக் குறியும் தெரியாமலே வைரஸ் இருக்கும் என்பதையும் அடுத்த வரியிலேயே எழுதுங்கள். முடிவைத் தெரிந்துகொள்ள விருப்பமா, யாரிடம் சொல்லலாம், மீதி இரத்தத்தை வைத்திருக்கலாமா என்று மூன்று கேள்விகளையும் பிரித்துக் கேளுங்கள். பெயருக்குப் பதில் இலக்கம் கொடுங்கள். அந்த இலக்கத்தைப் பெயரோடு இணைக்கும் தாள் பூட்டிய அலுமாரிக்குள் இருக்கட்டும், உங்கள் மடிக்கணினியில் வேண்டாம். கிளினிக் வாசலில் பெயரையும் நோயையும் சேர்த்துக் கூப்பிட்டதால் திரும்பி வராமலே போனவர்கள் உண்டு.

படி 4: யாரைச் சேர்ப்பது, என்ன கேட்பது

மேற்பரப்பு அன்டிஜன், அதாவது வைரஸின் மேற்பரப்புப் புரதம், ஆறு மாதத்துக்கு மேல் இரத்தத்தில் இருந்தால்தான் நாட்பட்ட தொற்று. ஒரேயொரு சோதனைத் தாளை வைத்துக்கொண்டு யாரையும் சேர்க்காதீர்கள். இரண்டு தாள்கள், ஆறு மாத இடைவெளி.

அடுத்தது நோயின் கட்டம். இப்போதைய வழக்கப்படி நான்கு கட்டங்களாகப் பிரிப்பார்கள்: ஈ-அன்டிஜன் இருக்கும் தொற்று, ஈ-அன்டிஜன் இருக்கும் ஈரல் அழற்சி, ஈ-அன்டிஜன் இல்லாத தொற்று, ஈ-அன்டிஜன் இல்லாத ஈரல் அழற்சி. தொற்றா அழற்சியா என்று பிரிக்க ஏஎல்டி (ஈரல் கலம் சேதமானால் இரத்தத்தில் கூடும் நொதியம்) அளவு, வைரஸ் அளவு, ஈரலின் நிலை மூன்றும் வேண்டும். இவற்றை நோயாளியின் கோப்பிலிருந்து எடுங்கள். இரத்தம் எடுத்த நாளுக்குக் கிட்டிய பெறுமானங்களாக அவை இருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முந்திய ஏஎல்டியை இன்றைய வைரஸோடு பொருத்தக்கூடாது.

மருந்து வரலாற்றைக் கோப்பில் மட்டும் தேடாதீர்கள், வாயாலும் கேளுங்கள். லாமிவுடின், அடெஃபோவிர், என்டெகாவிர், டெனோஃபோவிர் என்று பெயர் சொல்லிக் கேட்டால் பலருக்கு நினைவு வராது. பழைய பெட்டியோ மருந்துத் துண்டோ இருந்தால் அடுத்த முறை கொண்டு வரச் சொல்லுங்கள். இடையில் நிறுத்தினாரா, மாதத்தில் எத்தனை நாள் தவறும் என்றும் கேளுங்கள். குற்றவாளியை விசாரிப்பது போல் கேட்டால் உண்மை வராது. "குளிசை முடிஞ்சு வாங்க முடியாமப் போன நாளும் இருந்திருக்குமே ஐயா?" என்று கேட்டால் சொல்வார்கள். கீழ்காய்நெல்லியோ வேறு நாட்டு மருந்தோ குடித்தாரா என்றும் கேட்டு எழுதுங்கள். அதற்காக எரிச்சல் காட்ட வேண்டாம்.

இங்கே முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஒழுங்காக மருந்து குடிப்பவரின் இரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அவரிடமிருந்து வரிசை எடுக்க முடியாது. ஈ-அன்டிஜன் இல்லாத அமைதியான தொற்று உள்ளவர்களிலும் வைரஸ் மிகக் குறைவு. ஆகவே 60 பேரைச் சேர்த்தாலும் 60 வரிசைகள் கிடைக்காது. கிடைப்பவை வைரஸ் அளவு கூடியவர்களுடையவை. மருந்து குடித்தும் வைரஸ் உள்ளவர்களை மட்டும் வரிசைப்படுத்திவிட்டு "நோயாளிகளில் இத்தனை பேருக்கு மருந்து எதிர்ப்பு" என்று எழுதினால் அது பெரும் தவறு. எத்தனை பேரைச் சேர்த்தீர்கள், எத்தனை பேரில் வைரஸ் தெரிந்தது, எத்தனை பேரில் வரிசை வந்தது என்ற மூன்று எண்களும் அறிக்கையின் முதல் அட்டவணையிலேயே இருக்க வேண்டும்.

படி 5: இரத்தம் எடுப்பதும் பாதுகாப்பதும்

முதலில் உங்கள் பாதுகாப்பு. இலங்கையின் குழந்தைத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைற்றிஸ் பி 2003இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்தவர்கள் தாங்களாகப் போய்ப் போட்டிருந்தால்தான் உண்டு. பின்னர் பிறந்தவர்களும் தடுப்பூசி அட்டையைத் தேடிப் பாருங்கள். இரத்தத்தில் பிறபொருளெதிரி அளவு மில்லிலீட்டருக்கு 10 மில்லி அலகாவது இருக்கிறதா என்று சோதித்த பிறகே மாதிரியைத் தொடுங்கள். மேசையில் காய்ந்து கிடக்கும் இரத்தத்தில்கூட இந்த வைரஸ் ஏழு நாளாவது உயிர்ப்போடு இருக்கும்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ குழாயில் எடுங்கள். ஹெபரின் வேண்டாம், அது பிசிஆரைத் தடுக்கும். கொழும்பு வெயிலில் பஸ்ஸில் கைப்பையில் வைத்துக் கொண்டுபோகக் கூடாது. ஐஸ் பொதி வைத்த குளிர்பெட்டி கட்டாயம். அன்றைக்கே பிளாஸ்மாவைப் பிரித்து மூன்று நான்கு சிறு குழாய்களில் பங்கிட்டு -80 பாகை செல்சியஸில் வையுங்கள். ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்தால் டிஎன்ஏ சிதையும். உறைபெட்டி எந்த மின்பிறப்பாக்கியோடு இணைந்திருக்கிறது என்று கேட்டு வையுங்கள். 2022இல் மணிக்கணக்கில் மின்சாரம் போன நாட்களில் எத்தனையோ மாதிரிகளைப் பற்றிய கவலையோடு இருந்தவர்கள் இதன் அருமையைச் சொல்வார்கள்.

படி 6: டிஎன்ஏ, பிசிஆர், வரிசை

200 மைக்ரோலீட்டர் பிளாஸ்மாவிலிருந்து சிலிக்கா வடி உள்ள கிட் மூலம் டிஎன்ஏ எடுப்பது வழக்கம். ஒவ்வொரு தொகுதியிலும் வைரஸ் இல்லாத பிளாஸ்மா ஒன்றையும் சேர்த்தே ஓட்டுங்கள். அது கடைசிவரை வெறுமையாக வர வேண்டும்.

இரண்டு துண்டுகள் போதும். முதலாவது பொலிமெரேஸின் தலைகீழ்ப் பிரதியாக்கப் பகுதி, ஏறத்தாழ 130ஆம் எழுத்து முதல் 1160 வரை. மேற்பரப்புப் புரதத்தின் மரபணு 155இலிருந்து 835 வரை அதே துண்டுக்குள் வந்துவிடுவதால் ஜெனோடைப், மருந்து எதிர்ப்பு, தடுப்பூசியைத் தப்பும் மாற்றம் மூன்றையும் ஒரே துண்டில் பார்க்கலாம். இரண்டாவது 1650 முதல் 1950 வரை. இதில் உட்கருப் பகுதியின் ஊக்குவிப்பானும் (மரபணு வாசிப்பைத் தொடக்கும் பகுதி) முன்-உட்கருப் பகுதியும் வரும். வைரஸ் அளவு குறைந்தவர்களுக்கு உள்ளடுக்குப் பிசிஆர் தேவைப்படும், அதாவது முதல் விளைபொருளை எடுத்து உள்ளே இருக்கும் பிரைமர்களால் (பெருக்கம் தொடங்கும் இடத்தில் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகளால்) இரண்டாவது முறை பெருக்குவது. பிரைமர்களை எல்லா ஜெனோடைப்பிலும் மாறாத இடங்களில் பொருத்துங்கள். ஒரு ஜெனோடைப்புக்கு மட்டும் பொருந்தும் பிரைமரை வைத்துக்கொண்டு "வேறு ஜெனோடைப் இல்லை" என்று சொல்ல முடியாது.

உள்ளடுக்குப் பிசிஆரின் பெரிய ஆபத்து மாசு. ஒருமுறை எங்கள் மேசையில் ஆறு நோயாளிகளின் வரிசைகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக வந்தன. ஒரே குடும்பமோ என்று யோசித்தோம். இல்லை. நேர்க்கட்டுப்பாட்டு மாதிரியோடு (வைரஸ் உண்டு என்று தெரிந்தே ஓட்டும் மாதிரி) ஒப்பிட்டபோது அதுவும் அதே வரிசை. முதல் சுற்றுக் குழாயைத் திறந்த அதே மேசையில் இரண்டாம் சுற்றுக் கலவையைத் தயாரித்திருந்தோம். ஆறையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து செய்தோம். கலவை தயாரிக்க ஓர் அறை, டிஎன்ஏ சேர்க்க ஓர் இடம், பெருக்கிய குழாயைத் திறக்க வேறோர் அறை. ஒருமுறை கடைசி அறைக்குப் போனவர் அன்று முதல் அறைக்குத் திரும்பக் கூடாது. வடிகட்டி உள்ள பிப்பெற் முனைகள் விலை கூடத்தான், ஆனாலும் அவையே வேண்டும். வரிசைகள் வந்ததும் முதல் வேலை, எல்லாவற்றையும் ஒன்றோடொன்றும் நேர்க்கட்டுப்பாட்டோடும் ஒப்பிடுவது.

சாங்கர் முறையில் இரு திசையிலும் வரிசை எடுங்கள். வரைபைக் கண்ணால் பாருங்கள். மென்பொருள் தரும் எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். தொடக்கத்தில் 30 முதல் 50 எழுத்துகள் தெளிவில்லாமல் இருக்கும், வெட்டிவிடலாம். நடுவில் ஒரே இடத்தில் இரண்டு முகடுகள் தெரிந்தால் அதைப் பிழை என்று அழித்துவிட வேண்டாம். நோயாளியின் வைரஸ் கூட்டத்தில் இரண்டு வகையும் இருப்பதன் அடையாளமாக அது இருக்கலாம். இரு திசையிலும் தெரிந்தால் கலப்பு எழுத்தாகவே பதியுங்கள். கூட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவானவை சாங்கரில் தெரியாது. ஆகவே அறிக்கையில் "மாற்றம் இல்லை" என்று எழுதாதீர்கள், "இந்த முறையில் தெரியவில்லை" என்று எழுதுங்கள்.

படி 7: எழுத்துகளை வாசிப்பது

முதலில் இலக்கம். வளையத்துக்குத் தொடக்கம் கிடையாது. அதனால் ஈகோஆர்ஒன் என்ற வெட்டு நொதியம் வெட்டும் இடத்தை 1 என்று வைத்திருக்கிறார்கள். ஜெனோடைப்புகளின் நீளம் வேறுபடும்: ஏ 3221, பி, சி 3215, டி 3182. அப்படியென்றால் இலக்கம் குழம்பாதா? நம் இரண்டு துண்டுகளிலும் குழம்பாது. டியில் குறையும் 33 எழுத்துகளும் ஏயில் கூடும் 6 எழுத்துகளும் 1950க்குப் பின்னால்தான் வருகின்றன. ஆனால் பழைய கட்டுரைகளில் ஒரு பொறி இருக்கிறது. பொலிமெரேஸ் புரதத்தின் அமினோ அமிலங்களை எண்ணும் இலக்கமுறை 2001இல்தான் சீராக்கப்பட்டது. அதற்கு முந்திய கட்டுரைகளில் 552 என்று இருப்பது இன்றைய 204. தெரியாமல் இரண்டையும் வேறு வேறு விகாரங்களாக அட்டவணையில் போட்ட வரைவும் என்னிடம் வந்திருக்கிறது.

ஜெனோடைப் பார்க்க, ஜென்பாங்க் என்ற பொதுத் தரவுத்தளத்திலிருந்து ஏ முதல் ஜே வரை ஒவ்வொன்றுக்கும் சில முழு வரிசைகளை எடுத்து உங்களுடையவற்றோடு ஒழுங்குபடுத்துங்கள். பிறகு மெகா போன்ற இலவச மென்பொருளில் மரம் வரையுங்கள். 1000 தடவை பூட்ஸ்ட்ராப் (தரவை மாற்றி மாற்றி எடுத்து மரத்தைத் திரும்ப வரைந்து பார்ப்பது) செய்து, கிளைக்கு 70 விழுக்காட்டுக்குமேல் ஆதரவு இருக்கிறதா என்று பாருங்கள். முழு மரபணுத் தொகுதியில் 7.5 விழுக்காட்டுக்குமேல் வேறுபட்டால் வேறு ஜெனோடைப், 4க்கும் 7.5க்கும் இடையில் என்றால் உப ஜெனோடைப். இரண்டு துண்டுகளை மட்டும் வைத்து உப ஜெனோடைப்பை அடித்துச் சொல்ல வேண்டாம். இரண்டு துண்டுகளும் வேறு வேறு ஜெனோடைப்பைக் காட்டினால் மாதிரி மாறிவிட்டதா என்று முதலில் பாருங்கள். அது இல்லை என்று உறுதியான பிறகு மீள்சேர்க்கையைப் பற்றி, அதாவது இரண்டு ஜெனோடைப்புகளின் துண்டுகள் ஒரே வைரஸில் கலந்திருப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

தெற்காசியாவில் ஜெனோடைப் டியும் ஏயும் பரவலானவை; இந்தியாவின் கிழக்குப் பகுதியில் சியும் உண்டு. இந்த வேறுபாட்டுக்கு என்ன பொருள் என்று கேட்டால், இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வந்துவிட்டோம்.

முன்-உட்கருப் பகுதியில் 1896ஆம் இடத்தில் டிஎன்ஏயின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானின் இருக்கும். அது இன்னோர் எழுத்தான அடினினாக மாறினால் அந்த மூன்றெழுத்துக் குறியம், புரதத்தை அங்கேயே நிறுத்தச் சொல்லும் நிறுத்தக் குறியமாகிவிடும். ஈ-அன்டிஜன் உருவாகாது. ஆனால் உட்கருப் புரதம் 1901இலிருந்துதான் தொடங்குகிறது, அதற்கு ஒன்றும் ஆகாது, வைரஸ் வழக்கம்போலப் பெருகும். சோதனைத் தாளில் ஈ-அன்டிஜன் இல்லை என்று வரும். நோயாளி சந்தோஷப்படுவார், சில நேரம் நாமும் சந்தோஷப்படுவோம். உள்ளே ஈரல் சேதமாகிக்கொண்டிருக்கும்.

இந்த மாற்றம் எல்லா ஜெனோடைப்பிலும் ஒரே மாதிரி வருவதில்லை. வைரஸின் நீண்ட ஆர்என்ஏ ஓரிடத்தில் கொண்டை ஊசி போல மடிகிறது. அந்த மடிப்பு குலையாமல் இருந்தால்தான் பிரதியாக்கம் நடக்கும். மடிப்பில் 1896க்கு நேர் எதிரே வருவது 1858. ஜெனோடைப் ஏயில் 1858 பெரும்பாலும் சைற்றோசின். சைற்றோசினும் குவானினும் இறுக்கமான சோடி. குவானினை அடினினாக மாற்றினால் சோடி உடைந்து மடிப்பு தளரும். அதனால் ஏயில் இந்த மாற்றம் அரிது. டியில் 1858இல் தைமின், ஆர்என்ஏயில் அது யுராசில். யுராசிலும் குவானினும் தளர்ந்த சோடி. அடினின் வந்தால் சோடி இன்னும் இறுகும். ஆக டியில் இந்த மாற்றம் வைரஸுக்கு வசதி. ஜெனோடைப் டி பரவியிருக்கும் நாடுகளில் ஈ-அன்டிஜன் இல்லாத ஈரல் அழற்சியை அதிகம் காண்பதற்கு இது ஒரு காரணம். எனவே 1896ஐ மட்டும் அட்டவணையில் போடாமல் பக்கத்தில் 1858ஐயும் ஜெனோடைப்பையும் போடுங்கள்.

1762இல் அடினின் தைமினாகவும் 1764இல் குவானின் அடினினாகவும் மாறுவது ஒரு சோடி மாற்றம். இது ஈ-அன்டிஜனை முழுதாக நிறுத்தாது, உற்பத்தியைக் குறைக்கும். எக்ஸ் புரதத்தின் பகுதி இதே இடத்தில் இருப்பதால் அதுவும் மாறும். இந்தச் சோடி மாற்றம் உள்ளவர்களுக்கு ஈரல் புற்றுநோய் ஆபத்து கூடுதல் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் இதைக் கண்டதும் புற்றுநோய் வரும் என்று பொருள் அல்ல; ஸ்கானும் தொடர் கண்காணிப்பும் தவறக் கூடாது என்று பொருள்.

மருந்து எதிர்ப்புக்குப் பொலிமெரேஸின் 204ஆம் இடம் முக்கியம். இங்கிருந்து வரும் இலக்கங்கள் டிஎன்ஏ எழுத்தை அல்ல, புரதத்தின் அமினோ அமிலத்தைக் குறிக்கும். மெதியோனைன் இருக்க வேண்டிய அந்த இடத்தில் வேலைனோ ஐசோலியூசினோ வந்தால் லாமிவுடின் வேலை செய்யாது. 180ஆம் இடத்து லியூசினும் மெதியோனைனாக அடிக்கடி கூடவே மாறும். லாமிவுடினை மட்டும் ஐந்து வருடம் குடித்தவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கு எதிர்ப்பு வந்தது. என்டெகாவிர் புதிதாகத் தொடங்கியவர்களில் ஐந்து வருடத்தில் அது 1.2 விழுக்காடு மட்டுமே. ஆனால் லாமிவுடினுக்கு ஏற்கெனவே எதிர்ப்பு வந்தவர் என்டெகாவிருக்கு மாறினால் அதே ஐந்து வருடத்தில் பாதிப் பேருக்கு எதிர்ப்பு வருகிறது. பழைய மருந்துத் துண்டைக் கேட்டு வாங்கச் சொன்னது இதனால்தான். அடெஃபோவிருக்கு 181, 236ஆம் இடங்களைப் பாருங்கள். டெனோஃபோவிர் குடிப்பவரில் வைரஸ் குறையவில்லை என்றால் விகாரத்தைத் தேடுவதற்கு முன் குளிசை ஒழுங்காகக் குடிக்கிறாரா என்று கேளுங்கள்.

படி 1இல் சொன்ன இரட்டை வாசிப்பு இங்கே வருகிறது. 204 வேலைனாக மாறும்போது மேற்பரப்புப் புரதத்தின் 195ஆம் இடமும் மாறுகிறது. 181இல் வரும் ஒரு வகை மாற்றம் மேற்பரப்புப் புரதத்தின் 172ஆம் இடத்தில் நிறுத்தக் குறியத்தை உண்டாக்குகிறது. அப்போது மேற்பரப்புப் புரதம் பாதியில் நிற்கும், வைரஸ் கலத்தைவிட்டு வெளியேறுவது குறையும், இரத்தத்தில் வைரஸ் அளவு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியலாம். ஆகவே ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டு சட்டகத்திலும் மொழிபெயர்த்துப் பாருங்கள்.

மேற்பரப்புப் புரதத்தின் 145ஆம் இடத்தில் கிளைசின் அர்ஜினைனாக மாறுவதையும் தேடுங்கள். தடுப்பூசி போட்டும் தொற்றிய ஒரு குழந்தையில் இதை இத்தாலியில் கண்டு 1990இல் வெளியிட்டார்கள். தடுப்பூசி பயனில்லை என்று யாரும் இதை வைத்துச் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். தடுப்பூசி எல்லா ஜெனோடைப்புகளுக்கும் பாதுகாப்புத் தருகிறது. இந்த மாற்றம் உள்ள வைரஸைச் சில மேற்பரப்பு அன்டிஜன் சோதனைகள் தவறவிடலாம் என்பதே நமக்கு முக்கியம்.

படி 8: எழுதுவது

40 பேரில் 7 பேருக்கு மாற்றம் இருந்தால் "40இல் 7" என்று எழுதுங்கள். 17.5 விழுக்காடு என்று மட்டும் எழுதினால் இல்லாத துல்லியம் இருப்பது போலத் தோன்றும். சிறு எண்களை ஒப்பிட ஃபிஷர் என்ற புள்ளியியல் சோதனை. ஒரு கிளினிக்கில் எடுத்த மாதிரியை "இலங்கையில்" என்று தலைப்பில் போட வேண்டாம். வரிசைகளை ஜென்பாங்கில் சேர்க்கும்போது நாடு, எடுத்த ஆண்டு போதும். நோயாளியை அடையாளம் காட்டும் எதுவும் வேண்டாம்.

படி 9: நோயாளியிடம் திரும்பிப் போவது

முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பியவர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஆனால் மாணவராக நீங்கள் தனியாகச் சொல்லக் கூடாது. முதலில் மேற்பார்வையாளர், பிறகு அவருடைய வைத்தியர். மருந்து எதிர்ப்பு தெரிந்தால் ஆய்வறிக்கை முடியும்வரை காத்திருக்க வேண்டாம், அந்தக் கிழமையே வைத்தியரிடம் கொடுங்கள். மருந்தை மாற்றுவதை அவர் தீர்மானிப்பார். நோயாளி கேள்விப்பட்டுத் தானாக மருந்தை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திடீரென்று நிறுத்தினால் ஈரல் அழற்சி கடுமையாகத் திரும்பலாம்.

தமிழில் ஒரு பக்கத் தாள் தயாரியுங்கள். வைரஸின் குலம் என்ன, கண்ட மாற்றம் எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்கவில்லை, அடுத்த கிளினிக் எப்போது, வீட்டில் யார் யார் சோதிக்க வேண்டும், யாருக்குத் தடுப்பூசி வேண்டும். ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதாலும் ஒன்றாகச் சாப்பிடுவதாலும் இது தொற்றாது என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். தாளை நோயாளியின் கையிலேயே கொடுங்கள், கூட வந்தவரிடம் கொடுக்க வேண்டாம். அவர் வாசித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருந்து, கேட்பதற்குப் பதில் சொல்லிவிட்டு வாருங்கள்.